புள்ளியைப் பார்க்காதே, கோட்டைப் பார்: மலை வரைபடம் படிக்கச் சிங்கப்பூரிலேயே பழகுவது எப்படி?

ஜோகூரில் 500 மீட்டரை ஒட்டிய ஒரு குன்று. ஐந்து பேர் ஏறினோம். உச்சியில் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பிற்பகல் 2 மணிக்கு இறங்கத் தொடங்கினோம். ஏறும்போது ஒரே பாதையாக இருந்தது, இறங்கும்போது ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. கைபேசியைத் திறந்தேன். பச்சைத் திரையின் நடுவில் நீலப் புள்ளி நின்றது. வலப்பக்கப் பாதை அகலமாக இருந்ததால் அதில் இறங்கினோம். நாற்பது நிமிடம் கழித்துச் சரிவு செங்குத்தானது, கீழே ஓடைச் சத்தம் கேட்டது. காலையில் நாங்கள் எந்த ஓடையையும் கடக்கவில்லை.

என் பெரியப்பா மகன் தேசிய சேவையில் டோப்போ, அதாவது வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடிக்கும் பயிற்சி, கற்றவர். அவர் பையிலிருந்து ஓர் அச்சிட்ட தாளை எடுத்து விரித்தார். “புள்ளியைப் பாக்காதடா தம்பி, கோட்டைப் பாரு. உச்சியிலேர்ந்து ரெண்டு கை நீளுது. நாம வேற கையில எறங்கிட்டோம்” என்றார். வந்த வழியே திரும்பி ஏறி, சரியான கையைப் பிடித்து, இருட்டுவதற்குச் சற்று முன்பு சாலைக்கு வந்தோம்.

அந்தத் தாளில் அவர் பார்த்ததை நானும் பார்க்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். நீலப் புள்ளி நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும். முன்னால் இருப்பது மேடா பள்ளமா, கால் தாங்குமா, எந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் என்பதை வரைபடத்தில் உயரத்தைக் காட்டும் கோடுகள்தான் சொல்லும். “தட்டையான ஊரில் இருந்துகொண்டு மலை வரைபடம் எப்படிப் பழகுவது?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இதைப் பழகச் சிங்கப்பூர் மிக நல்ல இடம் என்பது என் உறுதியான எண்ணம். இங்கே மிக உயரமான புக்கிட் தீமா குன்று சுமார் 163 மீட்டர்தான். ஒரு குன்றின் முழு உருவத்தையும் ஒரே காலையில் காலால் அளந்துவிடலாம். தவறு செய்தால் பேருந்து நிறுத்தம் பக்கத்தில் இருக்கும். பெரிய மலையில் முதல் பாடம் படிக்கப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் வரைபடம் வேண்டும்

சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப், தெருவையும் புளோக்கையும் கண்டுபிடிக்க அருமையானது. மேடு பள்ளத்துக்கு வேறு வரைபடம் தேவை. கணினியில் பார்க்கவும் அச்சிடவும் ஓப்பன்டோப்போமேப் என்ற இலவச வரைபடம் போதும். கைபேசியில் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் ஆகிய செயலிகளில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால், இணையம் இல்லாத காட்டிலும் சமஉயரக் கோடுகளைப் பார்க்கலாம். அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழகுவதற்குத் தாள்தான் வேண்டும். திரையில் மலையின் ஒரு துண்டு மட்டுமே தெரியும். மேசையில் விரித்த தாளில் முழு மலையும் ஒரே பார்வையில் மனத்தில் பதியும்.

அச்சிடும்போது ஒரு கவனம். “பக்கத்துக்குப் பொருத்து” என்ற தெரிவை அழுத்தினால் வரைபடம் சுருங்கும் அல்லது விரியும். ஓரத்தில் 1:25,000 என்று எழுதியிருப்பது அப்போது பொய்யாகிவிடும். தாளில் எவ்வளவு நீளம் தரையில் எவ்வளவு தூரம் என்று காட்டும் அளவுக்கோட்டையும் சேர்த்தே அச்சிடுங்கள். தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும், எனவே அது எப்போதும் உண்மை சொல்லும்.

இலவச வரைபடங்களிலுள்ள கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் பூமியைச் சுற்றியபடி ரேடாரால் நில உயரத்தை அளந்தது. இத்தகைய பல வரைபடங்களுக்கு அந்தத் தரவுதான் அடிப்படை. அந்த ரேடார் அலைகள் அடர்ந்த காட்டில் முழுவதுமாகத் தரை வரை இறங்கவில்லை. மழைக்காட்டில் அது அளந்தது பெரும்பாலும் மரத்தலையின் உயரத்தை. ஆகவே நம் பகுதிக் காடுகளில் ஒரு கோடு சொல்லும் உயரம் பத்து இருபது மீட்டர் பிசகலாம், சிறிய ஓடைப் பள்ளம் மறைந்தே போகலாம். குன்றின் பொதுவான உருவத்தை அதில் நம்புங்கள், நுணுக்கத்தைக் கண்ணால் சரிபாருங்கள்.

தாள் கைக்கு வந்ததும் நடுவைப் பார்க்காமல் ஓரங்களைப் படியுங்கள். எந்த ஆண்டில் வரைந்தது, கோடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் உயர வேறுபாடு, அளவை என்ன, வடக்கு எது, குறிகள் எவற்றைக் காட்டுகின்றன என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். ஆண்டு நம் ஊரில் மிக முக்கியம். ஈஸ்ட் கோஸ்ட்டில் நாம் கூடாரம் அடிக்கும் நிலம் 1966-இல் கடலை மீட்கத் தொடங்கிய பிறகு வந்தது. பிடோக் பகுதிக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணை நகரும் பட்டையில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அதற்கு முந்திய வரைபடத்தில் குன்று இருக்கும் இடத்தில் இன்று வீடுகள், கடல் இருக்கும் இடத்தில் இன்று பூங்கா.

சாப்பாட்டு மேசையில் ஒரு மலை

சமஉயரக் கோடு என்பது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு. இந்த வரையறையைப் பள்ளிப் புவியியலில் எல்லோரும் படித்திருப்போம். படித்தது கையில் வர, பிள்ளைகள் விளையாடும் களிமண் ஒரு பொட்டலம் வாங்குங்கள்.

அகலமான தட்டில் ஒரு மலை செய்யுங்கள். உச்சி இரண்டு இருக்கட்டும், ஒன்று சற்று உயரம். இரண்டுக்கும் நடுவே தாழ்வாக ஓர் இணைப்பு. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சாய்வு. விரலால் ஒரு பள்ளத்தாக்கைக் கீறுங்கள். தட்டில் 1 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நீர் தொடும் விளிம்பைப் பல்குச்சியால் சுற்றிலும் கீறுங்கள். மேலும் 1 சென்டிமீட்டர் ஊற்றி மறுபடி கீறுங்கள். உச்சி வரை இப்படியே போய், தண்ணீரை வடித்துவிட்டு, நேர் மேலே இருந்து ஒரு படம் எடுங்கள்.

அந்தப் படம்தான் வரைபடம். செங்குத்துப் பக்கத்தில் கீறல்கள் நெருங்கி இருக்கும், சாய்வுப் பக்கத்தில் விலகி இருக்கும். பள்ளத்தாக்கில் ஒவ்வொரு கீறலும் மலைக்குள் குத்திக்கொண்டு போகும். மேடு நீளும் இடத்தில் வெளியே துருத்தும். இரண்டு உச்சிகளும் இரண்டு தனி வளையங்களாக இருக்கும். என் அக்கா மகள் எட்டு வயதில் இதைச் செய்தாள், அதன் பிறகு அவளுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மெக்ரிட்ச்சியில் கோடு தரையில் கிடக்கிறது

அடுத்த பாடத்துக்கு மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்துக்குப் போங்கள். அசையாத நீரின் விளிம்பு எங்கும் ஒரே உயரம். அப்படியென்றால் நீர்த்தேக்கத்தின் கரையே ஒரு சமஉயரக் கோடு! தாளில் மயிரிழையாகத் தெரிவது அங்கே உண்மை அளவில் கிலோமீட்டர் கணக்கில் கிடக்கிறது. கரையோரப் பலகைப் பாதையில் நடக்கும்போது கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே நடக்கிறீர்கள்.

வரைபடத்தில் மெக்ரிட்ச்சியைப் பாருங்கள். நீர் விரல் விரலாகக் காட்டுக்குள் நீண்டிருக்கும். ஒவ்வொரு விரலும் ஒரு காலத்துப் பள்ளத்தாக்கு; அணை கட்டியதும் நீர் அதற்குள் ஏறிக்கொண்டது. நீர் விரல்களுக்கு நடுவே நிலம் மூக்குப்போல் ஏரிக்குள் நீட்டியிருக்கும். அவைதான் என் அண்ணன் சொன்ன ‘கைகள்’. மலையேறிகள் ஸ்பர் என்பார்கள். பலகைப் பாதை உள்வாங்கி வளையும் இடத்தில் நின்று காட்டுப் பக்கம் திரும்புங்கள். பல இடங்களில் ஒரு சிறு ஓடை இறங்கி வருவதைப் பார்ப்பீர்கள். பாதை வெளியே துருத்தும் இடத்தில் திரும்பிப் பார்த்தால் உங்கள் பின்னால் மேடு ஏறிப் போகும்.

இப்போது கண்ணை மூடி, ஏரி நீர் 10 மீட்டர் உயர்ந்ததாக நினையுங்கள். புதிய கரை எங்கே இருக்கும்? ஓடைப் பக்கம் நீர் இன்னும் உள்ளே ஏறும், கைகளின் நுனி மூழ்கும். அந்தக் கற்பனைக் கரைதான் தாளில் அடுத்த கோடு. நான் கோடு படிக்கக் கற்றது இங்கேதான். எந்தப் புத்தகத்திலும் இது எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்: ஓடையைக் கடக்கும் கோட்டின் கூர்முனை மேட்டைப் பார்க்கும், கையைச் சுற்றும் கோட்டின் வளைவு பள்ளத்தைப் பார்க்கும். ஜோகூரில் நாங்கள் வழி தவறியது இதைப் பார்க்காததால்தான். இறங்கும்போது ஒரு முகடு இரண்டு கைகளாகப் பிரியும். மேலே இரண்டும் சில அடி தள்ளித்தான் இருக்கும், கீழே இரண்டு கிலோமீட்டர் விலகியிருக்கும். ஏறும்போது எல்லாக் கைகளும் ஒரே உச்சியில் சேர்வதால் தவற வழியில்லை. இறங்கும்போதுதான் வரைபடம் அதிகம் வேண்டும்.

உச்சி, சேணம், முகடு

மெக்ரிட்ச்சியிலேயே 250 மீட்டர் நீளமுள்ள மரவுச்சி நடைபாலம் இருக்கிறது. 2004 முதல் மக்கள் நடக்கும் அந்தத் தொங்குபாலம் புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்ற இரண்டு குன்றுகளை இணைக்கிறது. போவதற்கு முன் தாளில் அந்த இரண்டு வளையங்களையும் தேடி, நடுவில் கோடுகள் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பாலத்தின் நடுவில் நின்று இருபுறமும் பார்த்து உங்கள் ஊகத்தைச் சரிபாருங்கள். திங்கட்கிழமைகளில் பாலம் மூடியிருக்கும்.

சேணத்தைப் பார்க்க ஹெண்டர்சன் வேவ்ஸ் போதும். இரண்டு மேடுகளுக்கு நடுவே குதிரைச் சேணம்போல் தாழ்ந்த இடத்துக்கு அந்தப் பெயர். பெரிய மலைகளில் அதுவே கணவாய். மவுண்ட் ஃபேபர் ஒருபுறம், தெலுக் பிளாங்கா குன்று மறுபுறம், நடுவில் ஹெண்டர்சன் சாலை. பாலம் 274 மீட்டர் நீளம், சாலையிலிருந்து 36 மீட்டர் உயரம். 10 மீட்டர் இடைவெளி உள்ள வரைபடத்தில் சாலைக்கும் பாலத்தின் முனைக்கும் நடுவே மூன்று நான்கு கோடுகளை எண்ண முடிய வேண்டும். எண்ணிப் பாருங்கள், பிறகு பாலத்திலிருந்து குனிந்து பாருங்கள். ‘மூன்றரைக் கோடு’ என்றால் எவ்வளவு ஆழம் என்பது அன்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

குவாரிகளையும் விட்டுவிடாதீர்கள். புலாவ் உபினில் சுமார் 75 மீட்டர் உயரமுள்ள புக்கிட் புவாக்கா மீது ஏறினால், உபின் குவாரியின் பாறைச் சுவரும் அடியில் நிற்கும் நீரும் தெரியும். தாளில் அங்கே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். தரமான வரைபடங்களில், வளையத்தின் உட்புறம் சீப்புப் பல்போல் சிறு கோடுகள் இருந்தால் அது மேடு அல்ல, குழி. வளையம் என்றாலே உச்சி என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ரயில் நடைபாதையின் 24 கிலோமீட்டரும் இதே பாடத்தை வேறு வகையில் சொல்லும். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் பாதை போட்டவர்கள் கோட்டை ஒட்டியே போனார்கள், முடியாத இடத்தில் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் கரை எழுப்பினார்கள். 2011-இல் ரயில் நின்றுவிட்டது, அந்த வெட்டும் கரையும் அப்படியே இருக்கின்றன.

கோடுகளின் நெருக்கத்தை எண்ணாக்குவது

பல நாடுகளின் மலை வரைபடங்கள் 1:50,000 அளவையில் இருக்கும். தாளில் 2 சென்டிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர். 1:25,000 என்றால் 4 சென்டிமீட்டர். பொதுவாக ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடித்திருக்கும், அதில் உயரம் எழுதியிருக்கும்.

1:50,000 வரைபடம், 20 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோடுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் என்றால் 100 மீட்டர் நடந்தால் 20 மீட்டர் ஏற்றம், ஏறக்குறைய 11 டிகிரி. மூச்சு வாங்கும், ஆனால் நடக்கலாம். 1 மில்லிமீட்டர் என்றால் 22 டிகிரி. பையுடன் கடினம், மழையில் வழுக்கும். அரை மில்லிமீட்டர் என்றால் 39 டிகிரி; கையூன்றாமல் போக முடியாது. அந்தப் பக்கம் பாதை இல்லையென்றால் நான் திட்டத்திலேயே சேர்ப்பதில்லை.

சரிவின் உருவத்தையும் பாருங்கள். கோடுகள் மேலே விலகியும் கீழே நெருங்கியும் இருந்தால் அது கவிழ்த்த கிண்ணம் போன்ற சரிவு. மேலிருந்து பார்த்தால் மென்மையாகத் தெரியும், கீழே காத்திருக்கும் செங்குத்து கண்ணுக்குப் படாது. அன்று எங்களை ஏமாற்றியதும் அதுதான்.

கோடுகளுக்கு இடையே என்ன இருக்கிறது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. 20 மீட்டர் இடைவெளிக்குள் 15 மீட்டர் பாறைச் சுவர் ஒளிந்திருக்கலாம். புக்கிட் தீமாவையே 20 மீட்டர் இடைவெளியில் வரைந்தால் அடி முதல் உச்சி வரை எட்டுக் கோடுகள்தான் வரும். அங்கே ஏறியிறங்கும் படிகளையெல்லாம் அந்த எட்டுக் கோட்டுக்குள் நினைத்துப் பாருங்கள்.

இடத்தைச் சொல்லும் எண்

மலை வரைபடத்தில் பெரும்பாலும் 1 கிலோமீட்டர் சதுரக் கட்டங்கள் இருக்கும். இடத்தைச் சொல்லும்போது கிழக்கு நோக்கிய எண் முதலில், வடக்கு நோக்கிய எண் பிறகு. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு எண்ணில் மாடி முதலில் வரும், வீட்டு எண் பிறகு வரும். வரைபடத்தில் அதைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் தாழ்வாரத்தில் நட, பிறகு மின்தூக்கியில் ஏறு.

கட்டத்தின் இடப்பக்கக் கோடு 63, அதிலிருந்து பத்தில் நான்கு பங்கு தள்ளி: 634. கீழ்க்கோடு 47, அதிலிருந்து பத்தில் எட்டு பங்கு மேலே: 478. ஆக 634478. இந்த ஆறு இலக்கம் 100 மீட்டர் சதுரத்தைக் காட்டும், எட்டு இலக்கம் 10 மீட்டரைக் காட்டும். உலகளாவிய யுடிஎம் முறையில் சிங்கப்பூரும் ஜோகூரும் 48 வடக்கு மண்டலத்தில் இருக்கின்றன. சிங்கப்பூர் நில அளவையில் எஸ்விஒய்21 என்ற வேறு முறையும் உண்டு. இரண்டின் எண்களும் ஒன்றல்ல, எனவே நண்பருக்கு எண் அனுப்பும்போது எந்த முறை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

திசைகாட்டி

அடித்தட்டு கண்ணாடிபோல் தெளிவாக உள்ள, வளையத்தைச் சுழற்றக்கூடிய திசைகாட்டி வாங்குங்கள். வளையத்தில் 360 டிகிரி இருக்கட்டும். ராணுவத் திசைகாட்டியில் முழுச் சுற்றை 6400 பங்காகப் பிரித்த மில் என்ற அலகு இருக்கும்; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1. தட்டின் நீண்ட ஓரத்தை, நிற்கும் இடத்திலிருந்து போகும் இடத்துக்குத் தாளில் வையுங்கள். தட்டிலுள்ள அம்பு போகும் பக்கம் பார்க்க வேண்டும்.
2. தட்டை அசைக்காமல் வளையத்தை மட்டும் சுழற்றி, அதன் உள்கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளுக்கு இணையாக்குங்கள். வளையத்தின் வடக்கு, தாளின் வடக்கைப் பார்க்கட்டும்.
3. திசைகாட்டியை மார்பளவில் கிடையாகப் பிடித்து, சிவப்பு முள் வளையத்தின் அம்புக்குள் விழும் வரை நீங்கள் முழு உடம்போடு திரும்புங்கள். தட்டின் அம்பு காட்டும் திசையில் ஒரு மரத்தைக் குறிவைத்து அதுவரை நடந்து, மறுபடி பாருங்கள்.

கைபேசி, சேமிப்பு மின்கலம், காந்த மூடியுள்ள பை ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். முள் பிசகுவதற்கு இவைதான் அதிகம் காரணம்.

காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் வேறுபாடு ஒரு டிகிரிக்கும் குறைவு என்பதால் இங்கே பழகுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். விடுமுறைக்கு நியூசிலாந்து போய் அதே பழக்கத்தோடு நடந்தால் ஆபத்து. அங்கே காந்த வடக்கு, பெரும்பாலான பகுதிகளில் 20 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ கிழக்கே விலகியிருக்கிறது. 20 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 350 மீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். அங்கே தாளில் 90 டிகிரி என்று அளந்தால், விலகலைக் கழித்து 70 என்று வளையத்தில் வையுங்கள். தாளின் ஓரத்திலேயே அந்த எண் அச்சாகியிருக்கும்.

முள் கிடையாக நிற்பதும் இடத்துக்கு இடம் மாறும். முள் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். அந்தக் கோட்டிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ வெகுதூரம் போனால் முள்ளின் ஒரு முனை கீழே இழுக்கும். எனவே தொலைதூரப் பயணத்துக்கு அந்தந்த வட்டாரத்துக்குச் சமன் செய்த திசைகாட்டியோ, எங்கும் பயன்படும் வகையோ வாங்குவது நல்லது.

சூரியனை வைத்துத் திசை பார்ப்பது நம் ஊரில் காலையிலும் மாலையிலும் மட்டுமே உதவும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் இருக்கும். அந்த நடுப்பகலும் இங்கே 12 மணிக்கு வருவதில்லை, ஒரு மணியை ஒட்டி வருகிறது.

மழைக்காட்டில் தூரத்துச் சிகரம் தெரியாது. அதனால் காலடி எண்ணப் பழகுங்கள். பேட்டை விளையாட்டரங்கின் ஓடுதடத்தில் 100 மீட்டர் நடந்து, இடக்கால் எத்தனை முறை பதிகிறது என்று எண்ணுங்கள். எனக்குத் தட்டையில் 64, ஏற்றத்தில் 80-க்கு மேல். ‘ஓடையைக் கடந்து 300 மீட்டரில் பாதை பிரியும்’ என்று தாள் சொன்னால், எண்ணிக்கை முடியும்போது கண் தானாக அந்தப் பிரிவைத் தேடும்.

எவ்வளவு நேரம்?

1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் 2 மணி 12 நிமிடம். ஆனால் அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெக்கையில், கூடாரப் பையோடு, நான் அதை ஒன்றரை மடங்காக்குகிறேன்: சுமார் 3 மணி 20 நிமிடம். 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் போன்ற மலைக்கு இந்தக் கணக்கைப் போடாமல் கிளம்பவே கூடாது.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே தாளின் மூலையில் எழுதிவிடுங்கள். சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் ஆண்டு முழுவதும் மாலை 7 மணியை ஒட்டியே சூரியன் மறையும். அந்தி நீளாது, காட்டுக்குள் அரை மணி முன்பே இருட்டிவிடும்.

கூடாரத்துக்கு இடம்

சிங்கப்பூரில் இயற்கை வனப்பகுதிகளில் கூடாரம் அடிக்கக் கூடாது, பாதையை விட்டு விலகவும் கூடாது. ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற பூங்காக்களில் குறித்த இடங்களில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடு தங்கலாம். புலாவ் உபினில் ஜெலுத்தோங், மாமாம் கடற்கரைகள் உண்டு. அங்கே கரைதான் பூஜ்யத்தை ஒட்டிய கோடு. அதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஏற்றவற்றம் 3 மீட்டரைத் தாண்டும் நாட்கள் நம் கடலில் உண்டு. அலை அட்டவணையைப் பார்க்காமல் மணலில் முளை அடிக்காதீர்கள்.

மலைக்காட்டில் தங்குவதென்றால் தாளில் கோடுகள் விலகியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். தண்ணீர் பக்கத்தில் வேண்டும், ஆனால் ஓடையை ஒட்டி வேண்டவே வேண்டாம். மலேசியாவில் ‘கெப்பாலா ஆயர்’ என்று ஒன்றுக்குப் பயப்படுவார்கள். மேலே எங்கோ பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே ஓடையில் சுவராக இறங்கும். உங்கள் இடத்துக்கு மேலே அந்த ஓடை எவ்வளவு நிலத்தின் நீரைச் சேர்க்கிறது என்று கோடுகளைப் பின்பற்றிப் பென்சிலால் சுற்றிப் பாருங்கள். கூர்முனைகள் பல ஒரே இடத்தில் சேர்ந்தால் அதைத் தவிர்த்துவிட்டு, ஒரு கோடாவது மேலே ஏறிக்கொள்ளுங்கள். அதே சமயம் முகட்டின் உச்சியும் வேண்டாம், பிற்பகல் இடிமின்னல் முதலில் தேடுவது அதைத்தான்.

ஊர்ப்பெயரும் வரைபடம்தான்

மலாய் சில சொற்கள் தெரிந்தால் தாளில் பாதி புரிந்துவிடும். புக்கிட் குன்று, குனோங் மலை, சுங்கை ஆறு, தஞ்சோங் முனை, தெலுக் விரிகுடா, பாயா சதுப்பு. புக்கிட் பாஞ்சாங் நீண்ட குன்று, பாயா லேபார் அகன்ற சதுப்பு. மேட்டுப்பாளையம், குன்றத்தூர், ஆனைமுடி என்று பெயர் வைத்த மக்களுக்கு இது புதிதல்ல. ஜோகூரில் ஒரு பாதை ‘பாயா’ என்ற பெயருள்ள இடத்தைக் கடக்கிறது என்றால், கோடுகளே இல்லாத வெள்ளைப் பரப்பை நான் எளிய நடை என்று எண்ணுவதில்லை. முழங்கால் சேற்றுக்கு நேரம் ஒதுக்குகிறேன்.

வழி தவறினால்

சந்தேகம் வந்த அந்த நிமிடமே நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்ற நினைப்புதான் எங்களுக்கு நாற்பது நிமிடத்தைத் தின்றது. தாளை விரித்து, தாளின் வடக்கை நிஜ வடக்குக்குத் திருப்புங்கள். கடைசியாக உறுதியாக அறிந்த இடம் எது, அதன் பிறகு எவ்வளவு நேரம், ஏறினோமா இறங்கினோமா என்று குழுவில் எல்லோரும் சத்தமாகச் சொல்லுங்கள். இப்போது நிற்கும் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று திசைகாட்டியில் அளந்து பாருங்கள். கிழக்கு பார்த்த சரிவில் இருக்க வேண்டியவர்கள் தெற்கு பார்த்த சரிவில் நின்றால், எந்தக் கையில் இறங்கினீர்கள் என்று தாளே சொல்லிவிடும். தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்புங்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே போகாதீர்கள். நம் பக்கத்து மலைகளில் ஓடை அருவியில் போய் முடிவது வழக்கம்.

திரும்பவும் முடியாமல் யாராவது அடிபட்டிருந்தால் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒவ்வோர் இலக்கமாகப் படியுங்கள், எதிர்முனையில் இருப்பவரை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த மலை, எந்தப் பக்கம் இறங்கினீர்கள், பக்கத்தில் ஓடையா முகடா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மின்கலம் தீர்வதற்குள் அந்த எண்களைத் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். மழையில் பேனா மை கரைந்துவிடும்.